செருப்பு கழன்றது தெரியவில்லை: புராஸ்டேட் புற்றுநோயில் தண்டுவட அழுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

சனிக்கிழமை மாலை, புறநோயாளர் பிரிவு ஏறக்குறைய காலியாகிவிட்ட நேரம். இரண்டு பக்கமும் ஆள் தாங்கிப் பிடிக்க, 66 வயதுப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். வேட்டிக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் பை தொங்கியது. வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. அது வராந்தாவிலேயே கழன்று விழுந்திருக்கிறது. பின்னால் வந்த அவர் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "செருப்பு கழண்டு விழறதே அவருக்குத் தெரியலைம்மா. பத்து நாளா இப்படித்தான்" என்றார்.

காலில் பலம் மட்டும் குறைந்தால் செருப்பு நழுவும், ஆனால் நழுவுவது தெரியும். தெரியாமலே கழன்று போனால், பாதத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பாதை எங்கோ கெட்டிருக்கிறது என்று பொருள். மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கேள்விகளில் இது ஒன்று: "செருப்பு கழல்கிறதா? கழல்வது தெரிகிறதா?" அந்தக் கேள்வியை நான் கேட்கும் முன்பே அந்த அம்மா பதிலைச் சொல்லிவிட்டார்.

நான் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும் மருத்துவர். பெரியவரும் குடும்பத்தாரும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நான்கு மாத வலி

அவர் கைத்தறி நெசவாளர். குழித்தறியில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்தி நாற்பது வருடத்துக்கு மேல் நெய்தவர். நான்கு மாதம் முன்பு நடு முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே வலி ஆரம்பித்தது. தறிக்காரருக்கு முதுகுவலி வராமல் இருக்குமா என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் போட்டு நீவினார்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார்கள். அப்புறம் ஊரில் ஒரு மருத்துவரிடம் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், "தேய்மானம்" என்றார்கள், ஊசியும் பெல்ட்டும் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த வலிக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. நான் கேட்டபோது பெரியவர் உடனே சொன்னார்: "படுத்தா தாங்க முடியாதும்மா. உக்காந்தா கொஞ்சம் தேவலை. மூணு மாசமா சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்கறேன்." முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கியோ தசை பிடித்தோ வரும் முதுகுவலி படுத்தால் பெரும்பாலும் அடங்கும். படுத்தால் அதிகமாகிற, இரவில் எழுப்பிவிடுகிற, இருமினாலும் முக்கினாலும் பாய்கிற வலி வேறு வகை. முதுகெலும்புக்குள் ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது என்று அது சொல்கிறது. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் இப்படி நசுங்குவதைத்தான் தண்டுவட அழுத்தம் என்கிறோம். அது வரும் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் முதல் அறிகுறி இந்த வலிதான். கால் பலம் போவதற்குப் பல வாரம் முன்பே அது வந்துவிடும்.

இரண்டு மாதம் முன்பு சிறுநீர் தயங்கித் தயங்கி வர ஆரம்பித்தது. இரவில் நான்கைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கேனில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்று சொல்லி, நீர் சுலபமாகப் போக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. ஆசனவாய் வழியாக விரல் விட்டு யாரும் சோதிக்கவும் இல்லை.

ஆறு வாரம் முன்பிருந்து வயிற்றைச் சுற்றி ஓர் இறுக்கம். மனைவி இதை விவரித்த விதம் எனக்கு மறக்காது. "எந்நேரமும் வேட்டியை அவுத்து அவுத்துத் தளர்த்திக் கட்டுவாரு. தளர்வாத்தான் இருக்கும், ஆனா இறுக்குதும்பாரு." சாப்பாட்டைக் குறைத்தார்கள், வாயுத் தொல்லைக்குச் சூரணம் வாங்கினார்கள். உண்மையில் அது வயிற்றில் இல்லை. மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புவேர்கள் விலா எலும்பை ஒட்டி உடம்பைச் சுற்றி முன்பக்கம் வருகின்றன. அவை நசுங்கினால் இடுப்பில் யாரோ வார் போட்டு இழுப்பதுபோலத்தான் இருக்கும்.

மூன்று வாரம் முன்பு இன்னோர் இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். இடுப்புப் பகுதிக்கு மட்டும். எல்4, எல்5 என்ற இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் தட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை. இந்த வயதில், இந்தத் தொழிலில், அது இல்லாமல் இருந்தால்தான் வியப்பு.

பத்து நாளாகக் கால். தறியில் உட்கார்ந்தால் எந்த மிதியில் எந்தக் கால் இருக்கிறது என்று குனிந்து குழிக்குள் பார்க்க வேண்டியிருந்தது என்றார். நாற்பது வருடம் கண்ணால் பார்க்காமலே மிதித்த கால்கள். பஞ்சு மேல் நடப்பதுபோல் இருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. கடைசியாக, எங்களிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு சிறுநீர் மொத்தமாக அடைத்துக்கொண்டது. இரவில் ஓர் அவசரப் பிரிவில் குழாய் போட்டார்கள், 900 மில்லி இறங்கியது. புராஸ்டேட் வீக்கத்தால் அடைத்துக்கொண்டது என்று எழுதி, திங்கட்கிழமை சிறுநீரக மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அன்றிரவு அவரை நடக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் செவிலியர் பெண் ஒருவர் அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, திங்கள் வரை காத்திருக்க வேண்டாம் என்று எங்களிடம் அனுப்பியிருக்கிறார்.

மேஜை மேல் கிடைத்தவை

படுக்க வைத்ததும் வலியில் முகம் சுருங்கியது. வலது காலில் பலம் ஐந்துக்கு நான்கு. இடது காலில் ஐந்துக்கு மூன்று, அதாவது படுக்கையிலிருந்து காலைத் தூக்க முடிகிறது, நான் ஒரு விரலால் அழுத்தினாலும் விழுந்துவிடுகிறது. முழங்காலில் தட்டினால் கால் துள்ளியது. உள்ளங்காலை வருடினால் கட்டைவிரல் கீழே மடங்க வேண்டும். இரண்டு பக்கமும் மேலே எழும்பியது. கண்ணை மூடச் சொல்லிக் கால் பெருவிரலை மேலும் கீழும் அசைத்தேன். எந்தப் பக்கம் அசைகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஊசி முனையைக் காலிலிருந்து மேலே தொட்டுத் தொட்டுக்கொண்டு வந்தேன். "தொடறது தெரியுது, குத்தலை… குத்தலை…" என்றவர், தொப்புளுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்ததும் "ஆ, இப்ப குத்துது" என்றார். தொப்புள் இருக்கும் மட்டம் பத்தாவது மார்பு நரம்பின் இடம். ஆக, கோளாறு அதற்கு மேலே எங்கோ. எவ்வளவு மேலே என்று ஊசியை வைத்துத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. அழுத்தம் இருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று மட்டம் கீழேகூட உணர்ச்சி மாறும் எல்லை தெரியலாம். முதுகெலும்பு முழுவதையும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். முதுகை மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வந்தபோது நடு முதுகில் ஓரிடத்தில் துடித்துப் போனார்.

கடைசியாக ஆசனவாய்ப் பரிசோதனை. தசையின் பிடி தளர்ந்திருந்தது. புராஸ்டேட் கூழாங்கல்போல் கெட்டியாக, மேடு பள்ளமாக இருந்தது. சாதாரண வீக்கத்தில் அது மூக்கு நுனிபோல மெத்தென்று அழுந்தும். இந்தச் சோதனைக்கு ஒரு கையுறையும் அரை நிமிடமும் போதும். நான்கு மாதத்தில் எந்தக் கட்டத்தில் யார் செய்திருந்தாலும் கதை வேறாகியிருக்கும் என்று அந்த நிமிடம் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஸ்கேன் அறைக்குப் போகும் முன்பே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 16 மில்லிகிராம் நரம்பு வழியாகப் போட்டோம். கட்டி முதலில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிறு ரத்தக்குழாய்களை நசுக்குகிறது. ரத்தம் வடிய வழியில்லாமல் தண்டுவடம் நீர் கோத்து வீங்குகிறது. இந்தக் கட்டம் வரை திரும்ப வழி உண்டு. அதற்கடுத்து ரத்தம் உள்ளே வருவதே நின்றுபோனால் நரம்புத் திசு செத்துவிடும், அதை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. ஸ்டீராய்டு வீக்கத்தை வடியவைத்து, நமக்குச் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ வாங்கிக் கொடுக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேன் வரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. நள்ளிரவில் சர்க்கரை 390 தொட்டது, இன்சுலின் போட்டுப் பிடித்தோம்.

இரவு ஒன்பது மணிக்குப் படம் வந்தது. எட்டாவது மார்பு முள்ளெலும்பு, டி8, முழுக்க நிறம் மாறியிருந்தது. அதிலிருந்து பின்பக்கம் கிளம்பிய சதைப்பகுதி தண்டுவடத்தை மூன்று பக்கமும் சூழ்ந்து, நாடாபோல் தட்டையாக்கியிருந்தது. டி3, எல்1, இடுப்பெலும்பு என்று வேறு சில இடங்களிலும் சிறு புள்ளிகள். மூன்று வாரம் முந்தைய இடுப்பு எம்ஆர்ஐ படத்தை மகன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விளக்கில் வைத்துப் பார்த்தேன். மேல் ஓரத்தில், எல்1 எலும்பில், அந்தக் கரும்புள்ளி அப்போதே இருந்தது. டி8 அந்தப் படத்துக்கு மேலே, சட்டத்துக்கு வெளியே இருந்துவிட்டது.

நம் ஊரில் முதுகெலும்பு கெட்டிருக்கிறது என்றால் காசநோயை ஒதுக்காமல் மேலே போகக்கூடாது. காசநோய் பெரும்பாலும் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டை அரித்துக்கொண்டு, பக்கத்து எலும்புகள் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும், சீழ் கோக்கும். புற்றுநோய் எலும்பைப் பிடிக்கும், தட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். இவருக்குத் தட்டுகள் பழுதில்லாமல் இருந்தன, எலும்பிலிருந்து பின்பக்கம் நீளும் கால்போன்ற இரண்டு பகுதிகளும் கெட்டிருந்தன. சிடி ஸ்கேனில் அந்த எலும்பு கரைவதற்குப் பதில் சுண்ணாம்பு கட்டியதுபோல் வெளுத்து இறுகியிருந்தது. புராஸ்டேட் புற்று எலும்புக்குப் போனால் பெரும்பாலும் இப்படித்தான் செய்யும். பிஎஸ்ஏ 412 என்று வந்தது. பொதுவாக 4-க்கு மேல் போனாலே கவனிக்கச் சொல்வோம்.

புராஸ்டேட் எங்கே, நடு முதுகு எங்கே என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. 1940-இல் ஃபிலடெல்பியாவில் ஆஸ்கர் பாட்சன் என்ற உடற்கூறியல் பேராசிரியர், இறந்தவர்களின் உடலில் ஆணுறுப்பின் சிரைக்குள் சாயம் செலுத்திப் பார்த்தார். சாயம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைவலைக்குள் போய் நின்றது. அந்தச் சிரைகளில் ஒருவழிக் கதவுகள் கிடையாது. இருமினாலும் முக்கினாலும் சுமை தூக்கினாலும் அடிவயிற்றின் ரத்தம் அந்த வலைக்குள் எதிர்த்திசையில் ஏறும். புற்றணுக்களுக்கு அது ஒரு தயார்ப் பாதை. அது மட்டுமே காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை, எலும்பு மச்சையே அந்த அணுக்களுக்குப் பிடித்த மண்ணாக இருக்கிறது. மகனுக்குப் புரியும்படி சொல்ல அந்த இரவில் பாட்சனின் படம்தான் எனக்கு உதவியது.

அந்த இரவில் எடுத்த முடிவுகள்

முதலில் அறுவை சிகிச்சையா, கதிரியக்கமா என்பது. 2005-இல் லான்செட் இதழில் வந்த பாட்செல் குழுவின் ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 101 நோயாளிகள். கதிரியக்கம் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். முதலில் அறுவை செய்து அழுத்தத்தை நீக்கிப் பிறகு கதிரியக்கம் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர். ஓரிடத்தில் மட்டும் அழுத்தம், உடல்நிலை தாங்கும், இன்னும் பல மாதம் வாழ்வார் என்றால் அறுவைக்கு அனுப்பு என்பதுதான் அதன் பாடம். என் நோயாளிக்கு இவை மூன்றும் பொருந்தின.

முதுகெலும்பு அறுவை நிபுணர் மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருந்தார். படங்களை அனுப்பி, இரவு பத்தரைக்குத் தொலைபேசியில் பேசினோம். எலும்பு இறுகி இருக்கிறது, நொறுங்கவில்லை, முதுகு வளையவில்லை. எலும்பின் உறுதியை அளக்கும் சின்ஸ் மதிப்பெண் 18-க்கு 6 வந்தது, உறுதியானது என்ற வரம்புக்குள். எலும்புத் துண்டு எதுவும் தண்டுவடத்தைக் குத்தவில்லை, அழுத்துவது சதைக் கட்டிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் புற்று இதுவரை எந்த ஹார்மோன் சிகிச்சையையும் பார்க்காதது. அப்படிப்பட்ட புராஸ்டேட் புற்று, அதை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனை உடம்பில் அடக்கினால் வேகமாகச் சுருங்கும். ஆள் இன்னும் கால் ஊன்றுகிறார். கதிரியக்கத்தையும் ஹார்மோன் சிகிச்சையையும் ஒரே நாளில் ஆரம்பிப்போம், பலம் குறைந்தால் அந்த நிமிடமே அனுப்புங்கள் என்று முடிவானது. சுலபமாக எடுத்த முடிவு இல்லை. வேறு மருத்துவர் வேறு முடிவெடுத்திருந்தால் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது ஹார்மோன். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போடும் லூப்ரோலைடு வகை ஊசிகள், டெஸ்டோஸ்டீரோனை அடக்குவதற்கு முன் முதல் ஒன்றிரண்டு வாரம் அதை ஏற்றிவிடும். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த ஏற்றம் காலைப் பறித்துவிடலாம். அந்த ஊசியை மட்டும் தனியாகப் போட்டு அனுப்பி, ஒரே வாரத்தில் படுத்த படுக்கையான ஒருவரை என் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். தடுப்பு மாத்திரையை முன்கூட்டித் தரவேண்டும். அல்லது ஏற்றமே இல்லாமல் அடக்கும் டெகாரெலிக்ஸ் ஊசி போடவேண்டும். அது அன்று எங்களிடம் இல்லை. மூன்றாவது வழி பழையது. விதைகள் இரண்டையும் அறுவை செய்து எடுத்துவிடுவது. 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் இது பலன் தருவதைக் காட்டினார், 1966-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். அரை நாளுக்குள் ஹார்மோன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம்.

இதை அவரிடம் சொல்ல நான் தனியாகப் போனேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகனை வெளியே இருக்கச் சொன்னார். "வெளியில யாருக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டார். விதைப்பை அப்படியே இருக்கும், நீங்கள் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது ஐயா என்றேன். உடம்பு சூடேறி வியர்ப்பது, சோர்வு, ஆசை குறைவது எல்லாவற்றையும் சொன்னேன். ஊசிக்காகக் காத்திருக்கவும் வழி உண்டு என்றேன். "அவளைக் கூப்பிடுங்க" என்றார். மனைவியிடம் அவரே சொன்னார், நான் அப்போது அங்கே இல்லை. பத்து நிமிடம் கழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்த அறுவை முடிந்தது. திசுப் பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்கவில்லை. பிஎஸ்ஏ 412, விரலுக்குக் கெட்டியாகத் தட்டும் புராஸ்டேட், வெளுத்து இறுகிய எலும்பு, இவை மூன்றும் சேர்ந்தால் அவசரத்துக்கு அதுவே போதும். பின்னால் எடுத்த திசு முடிவில், புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பு 4+5, ஆக 9 என்று வந்தது.

ஞாயிறு பிற்பகல் முதல் கதிரியக்கம். விடுமுறை நாளில் கருவியை இயக்க, தன் வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டு வந்த தொழில்நுட்பர் ஒருவரும், கணக்குப் போட்டுக் கொடுத்த இயற்பியலாளரும் இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆகியிருக்கும். டி7 முதல் டி9 வரை, நாளுக்கு 4 கிரே, ஐந்து நாளில் 20 கிரே. கிரே என்பது கதிரியக்க அளவின் அலகு. ஒரே தடவையில் 8 கிரே கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 686 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஸ்கோராட் ஆய்வில், எட்டாவது வாரத்தில் நடந்தவர்கள் ஒரே தடவை பெற்றவர்களில் 69 சதவீதம், ஐந்து தடவை பெற்றவர்களில் 73 சதவீதம். வித்தியாசம் சிறிது. மிகவும் தளர்ந்தவருக்கு, தினமும் வந்துபோக முடியாதவருக்கு நான் ஒரே தடவைதான் கொடுப்பேன். இவருக்கு முன்னால் வருடங்கள் இருந்தன, அதனால் ஐந்து.

திங்கள் இரவு

திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு இடது கால் பலம் இரண்டுக்கு இறங்கியது. படுக்கையில் காலைப் பக்கவாட்டில் நகர்த்த முடிந்தது, தூக்க முடியவில்லை. நிபுணருக்குப் பேசினேன், விடிந்ததும் அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ் ஏற்பாடானது. அந்த இரவு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்க் காலைத் தூக்கச் சொன்னேன். அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும்தான். நான்கு மணிக்கு முழங்கால் மடங்கியது. ஆறு மணிக்குக் குதிகால் மெத்தையை விட்டு எழும்பியது. நிபுணரிடம் மறுபடி பேசி, பயணத்தை நிறுத்திவைத்து, காலைக் கதிரியக்கத்தை முதல் ஆளாகக் கொடுத்தோம். அதற்குப் பிறகு பலம் இறங்கவில்லை.

செவ்வாய் இரவு மூன்று மாதத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினார்.

எட்டாவது நாள் நான்கு பேர் பிடிக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். இடையில் புட்டத்தின் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தது. மனைவி கைபேசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மணியடிக்க வைத்து, இரவு பகலாகத் திருப்பிப் படுக்கவைத்தார், அது புண்ணாகாமல் ஆறியது. ஸ்டீராய்டால் வாயில் வெள்ளை படிந்தது, மருந்தில் சரியானது. இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். மலச்சிக்கல்தான் பெரும்பாடு. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரே நேரத்தில் ஆசனவாய் மருந்து வைத்து, குடலைப் பழக்கினோம். இதை யாரும் பெரிதாக எழுதமாட்டார்கள், ஆனால் வீட்டில் ஒருவரின் மானம் இதில்தான் இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை குடும்பத்திடம் இருந்தது. வீட்டுக்குப் போனபின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வந்து பயிற்சி கொடுத்தார். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாற எட்டு வாரம் ஆனது. சிறுநீர்க்குழாயை நான்காவது வாரம் எடுத்துப் பார்த்தோம், நீர் போகவில்லை, மறுபடி போட்டோம். ஒன்பதாவது வாரம் எடுத்தபோது தானாகப் போனார், போனபின் மிச்சம் 80 மில்லிதான்.

ஒரு மாதம் கழிந்ததும் அபிராட்டெரோன் மாத்திரை ஆரம்பித்தோம், வெறும் வயிற்றில், கூடவே சிறு அளவில் பிரெட்னிசலோன். ஹார்மோன் அடக்குவதோடு இதையும் முதலிலேயே சேர்த்தால், தீவிரமான பரவல் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 36 மாதத்திலிருந்து 53 மாதமாக உயர்ந்ததை லாட்டிட்யூட் ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்க்கவேண்டும். பிஎஸ்ஏ மூன்றாவது மாதம் 6, எட்டாவது மாதம் 0.3.

குழாய் மறைத்துவிட்டது

இந்த நிகழ்வில் என்னை இன்னும் உறுத்துவது அந்தச் சிறுநீர்க்குழாய். முதுகுவலிக்காரர் ஒருவருக்குச் சிறுநீர் அடைத்தால் எந்த மருத்துவரும் உடனே தண்டுவடத்தை நினைப்பார். ஆனால் அவர் வயதான ஆண் என்றால், புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அடைப்புக்கு ஒரு காரணம் தயாராக இருக்கிறது. குழாய் போட்டதும் தொல்லை தீர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. இவருக்கு இரண்டு காரணமும் சேர்ந்தே இருந்திருக்கும், கட்டியும் அடைத்தது, நரம்பும் கைவிட்டது. எது எவ்வளவு என்று பிரிக்கமுடியாது, பிரிக்கவும் தேவையில்லை. குழாய் போடும்போது, "முதுகு வலிக்கிறதா? காலில் பலம் இருக்கிறதா? எழுந்து நடங்கள் பார்க்கலாம்" என்று கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். இடது காலின் ஒரு மதிப்பெண் அந்த இரண்டு நாளில்தான் போனது என்று நான் நம்புகிறேன்.

நரம்புக் கோளாறோடு தண்டுவட அழுத்தம் என்று சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்ஆர்ஐ எடுக்கவேண்டும் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2008-லேயே வழிகாட்டுதல் போட்டது. சிகிச்சை ஆரம்பிக்கும் அன்று நடப்பவர்களில் பெரும்பாலானோர் பிறகும் நடக்கிறார்கள். அன்று முற்றிலும் செயலிழந்திருப்பவர்களில் மிகச் சிலரே மறுபடி நடக்கிறார்கள். இந்தத் துறையில் எந்த ஆய்வை எடுத்தாலும் இது மாறுவதில்லை. ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தவர்களின் குடும்பத்துக்கு இதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும் என்பது என் பிடிவாதம். பயமுறுத்துவதாகச் சிலர் சொல்வார்கள். படுத்தால் கூடும் முதுகுவலி, வயிற்றைச் சுற்றி இறுக்கம், கால் கனப்பது, செருப்பு தெரியாமல் கழல்வது, புதிதாகச் சிறுநீர் அடைப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே வரவேண்டும். இதை எங்கள் சீட்டின் பின்பக்கம் கையால் எழுதிக் கொடுக்கிறேன்.

பெரியவர் இப்போது பதினாலாவது மாதத்தில் இருக்கிறார். இடது பாதத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. குழித்தறியில் இறங்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்கிறார், நெசவை மகன் பார்த்துக்கொள்கிறார். செருப்புக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு அந்த அம்மா கூப்பிட்டார். "மறுபடி இறுக்குதுங்கறாரு. வேட்டியைத் தளர்த்தறாரு. சீட்டுல எழுதினீங்களே, அதான் கூப்பிட்டேன்." உடனே கிளம்பி வாருங்கள் என்றேன். பதினொரு மணிக்கு வந்தார்கள், நடந்தே உள்ளே வந்தார். காலில் பலம் பழையபடியே இருந்தது. இருந்தாலும் முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுத்தோம். டி8-இல் கட்டி சுருங்கி, தண்டுவடத்தைச் சுற்றி வெள்ளையாக நீர்க்கோடு தெரிந்தது. புதிதாக எதுவும் இல்லை. மதியம் கல்யாண வீட்டில் சாப்பிட்டதில் வயிறு உப்பியிருக்கிறது.

"சும்மா அலைய வெச்சுட்டேன்" என்று அவர் என்னிடமும் மனைவியிடமும் மாறி மாறிச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொள்ளவே இல்லை. சீட்டைத் திருப்பி, எழுத்து அழிய ஆரம்பித்துவிட்டது, மறுபடி எழுதித் தாருங்கள் என்று பேனாவை நீட்டினார்.